நாலாவது படலம்

அந்த இயந்திரத்துக்கு அதைச் செய்தவர்கள் வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. தொலைக்காட்சி நிலையத்தில் எல்லோரும் அதைச் சுரண்டி என்றே சொன்னார்கள். அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்டுகிற மாதிரி அது பழைய வீடியோ டேப்பைச் சுரண்டி, அடியில் ஒட்டிக் கிடப்பதை எடுத்துக் கொடுக்கும். என்ன, அதற்கப்புறம் பாத்திரம் மிஞ்சாது.

அந்த வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே மங்கையர்க்கரசிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடித்தளத்தில் இருந்த மீட்புக் கூடத்தில் சுரண்டிக்கு எதிரே உட்காருவாள், எழுந்து ஏசியைக் கூட்டுவாள், உடனே குறைப்பாள். டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு ஆற வைத்துக் கொட்டினாள். ஏதோ மறந்துவிட்ட மாதிரி படியேறிப் போய் வரவேற்பறையை எட்டிப் பார்த்தாள். அங்கே சுவரோரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் மஞ்சள் பையோடு கன்னியப்பன் உட்கார்ந்திருந்தார். அரக்கோணத்திலிருந்து முதல் ரயிலைப் பிடித்து வந்துவிட்டார். அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவள் இறங்கி வந்துவிட்டாள்.

இயந்திரத்தின் வயிற்றுக்குள் ஒரு டேப் காத்திருந்தது. கன்னியப்பனுடைய மகளுக்காக.

டேப்புகளை ஏன் அழித்தார்கள் என்று இன்றைக்குக் கேட்கிறவர்களுக்கு அந்தக் காலம் தெரியாது. டேப் கப்பலில் வரவேண்டும். வந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை ஓர் அதிகாரி இடுப்பில் செருகிக்கொள்வார். ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பானதும் அதன் ஆயுள் முடிந்தது. கச்சேரிக்கு மேலே உழவர் நிகழ்ச்சி, அதற்கு மேலே பட்டிமன்றம், அதற்கும் மேலே மந்திரி ரிப்பன் வெட்டும் விழா என்று ஒரே டேப்பில் மாற்றி மாற்றிப் பதிந்து தள்ளினார்கள். அவர்களில் ஒருவரும் கெட்டவர் இல்லை, எல்லோரும் சிக்கனமானவர்கள். நம் நாட்டில் பாதி அநியாயம் சிக்கனத்தின் பெயரில்தான் நடக்கிறது. அதைச் செய்தவர்கள் நல்ல பெயரோடு ஓய்வு பெற்று, சம்பங்கி மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் மங்கைதான் கன்னியப்பனுக்கு முதலில் போன் செய்தாள். "ஐயா, நிலையத்துலேருந்து பேசறேன். உங்க விண்ணப்பம் வந்தது" என்றாள். எதிர்முனையில் பேச்சே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று அவள் மறுபடியும் "ஐயா?" என்றாள்.

"யாரும்மா பேசறது? நீ எந்த ஊரு?" என்று கேட்டார் அவர்.

"சென்னைதாங்கய்யா. மீட்புக் கூடத்து இன்ஜினீயர்."

"இன்னொரு தபா சொல்லும்மா."

காது மந்தம் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். நேரில் வந்தபோதும் அப்படித்தான். அவள் எதைச் சொன்னாலும் தலையைச் சாய்த்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு கேட்டார். அதனால் அவள் உரக்கப் பேசினாள்.

"பள்ளிக்கூடத்துல சிலேட்டுல எழுதி, எச்சில் தொட்டு அழிச்சிருக்கீங்களா ஐயா? காஞ்சதும் பழைய எழுத்து லேசாத் தெரியும்ல? அது மேல வேற எழுதினாலும் அடியில அது கிடக்கும். டேப்பும் அப்படித்தான். ஒவ்வொரு தடவை பதியும்போதும் பழசு கொஞ்சம் ஒட்டிக்கிட்டே இருக்கும். நாங்க அதைப் படலம்னு சொல்றோம்."

"அப்போ அல்லாத்தையும் எடுத்துடலாமா?"

"அதான் முடியாது. கடைசியா மேல பதிஞ்சதைச் சாதாரணமாவே காப்பி எடுத்து வச்சுட்டோம். அடியில இருக்கிறதுல ஒண்ணே ஒண்ணுதான் எடுக்கலாம். எடுக்கறதுக்கு டேப்பைச் சூடு பண்ணணும். அந்தச் சூட்டுல மத்த படலமெல்லாம் போயிடும்."

"போயிடும்னா?"

"இத்தனை நாளா அழிஞ்சிடுச்சுன்னு நெனச்சுட்டு இருந்தோம்ல? அப்பதாங்கய்யா நிஜமா அழியும்."

கன்னியப்பன் தலையை ஆட்டினார். அவர் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். "புரியுது. ரெண்டு லைன் கீது, வண்டி ஒண்ணுலதான் போவும். எந்தப் பக்கம் போடறதுன்னு ஒருத்தன் முடிவு பண்ணணும்" என்றார்.

"அதை எங்க குழு முடிவு பண்ணிடுச்சு. உங்களுக்குத்தான். உங்க பொண்ணோட நிகழ்ச்சி ரெண்டாவது படலம், ரொம்ப ஆழமில்ல. சத்தமும் நல்லா வரும். ஆழத்துக்குப் போகப் போக முதல்ல சாகறது சத்தம்தான். அது டேப்போட ஓரத்துல ஓடற மெல்லிசுக் கோடு. அடியில படம் வந்தாலே அதிர்ஷ்டம்."

அவர் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினார். பள்ளிக்கூடத்துக் கும்பல் போட்டோ. மூன்றாவது வரிசையில் ஒரு சிறுமி, கேமரா சொடுக்கிய நேரத்தில் தலையைத் திருப்பிவிட்டதால் பாதி முகமும் ஒரு ரிப்பனும் மட்டும் தெரிந்தது. கஸ்தூரி. நகராட்சிப் பள்ளியிலிருந்து எட்டுக் குழந்தைகளைச் சிறுவர் நிகழ்ச்சிக்குக் கூட்டி வந்தார்கள். அவளுக்கு ஒரு விடுகதை. ஒளிபரப்பான அன்றைக்கு அவருக்கு டூட்டி. அடுத்த மழைக்காலத்தில் மூளைக்காய்ச்சல் வந்து நாலே நாளில் போய்விட்டாள். மறு ஒளிபரப்பு எப்போது என்று அவர் நிலையத்துக்கு வந்து கேட்டபோது, அந்த டேப்பில் பாலம் திறந்துவிட்டார்கள் என்று யாரோ சொல்லி அனுப்பினார்களாம்.

"இதுக்குன்னே கண்ணு ஆபரேசன் பண்ணிக்கினேம்மா. புரை வளந்துபோயி எல்லாம் மங்கலாத் தெரிஞ்சுச்சு. பாப்பாவை அப்படிப் பாக்கக் கூடாதுல்ல?" என்றார் கன்னியப்பன்.

அதுவரை மங்கைக்கு ஒரு சஞ்சலமும் இல்லை. 'விண்ணப்பம் முதலில் வந்தவருக்கே படலம்' என்ற விதியை எழுதியவளே அவள்தான். எழுதியபோது அந்த விதி ரொம்ப நியாயமாகப் பட்டது.

சுரண்டுவதற்கு முந்தின வாரம் டேப்பை ஒருமுறை மோப்பம் பிடிக்க விடுவார்கள். சூடு ஏறாது, சேதமும் ஆகாது. ஒவ்வொரு படலத்திலிருந்தும் ஒரே ஒரு மங்கல் படம் வரும், சரியான டேப்தானா என்று பார்த்துக்கொள்ள. முதல் படலம் பாலத் திறப்பு விழா. இரண்டில் காகிதப் பூக்களுக்கு நடுவே குழந்தைகள். மூன்றில் கூட்டுறவுச் சங்கத்தார் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அதைக் கேட்டு அந்தச் சங்கத்தாரின் பேரப்பிள்ளைகள்கூட விண்ணப்பம் போடவில்லை. நாலாவது படம் வந்தபோது மங்கையின் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது.

அவள் அம்மா.

அம்மாவை அவளுக்குப் போட்டோவில் மட்டும்தான் தெரியும். மொத்தம் ஐந்தாறு போட்டோ, எல்லாவற்றிலும் அம்மா ஆடாமல் அசையாமல் நிற்பாள். மங்கை தவழ்ந்துகொண்டிருந்தபோது அவள் இறந்துவிட்டாள். இந்த நிலையத்தில்தான் அறிவிப்பாளராக இருந்தாள். "கொஞ்ச மாசந்தான் திரையில வந்தா. அப்புறம் நீ வயித்துல வந்துட்டே. வயிறு தெரிய ஆரம்பிச்சதும் கேமரா முன்னாடி உக்கார வைக்க மாட்டாங்க. செட்டுக்குள்ள எடுபிடி வேலைக்குப் போட்டுட்டாங்க" என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டதிலிருந்து நிலையத்தின் மேல் மங்கைக்குக் கோபம். அந்தக் கோபத்தோடுதான் இங்கேயே வேலைக்குச் சேர்ந்தாள். எடுபிடி வேலை என்றால் என்ன வேலை என்று அவள் அப்பாவிடம் கேட்டதேயில்லை. கோபப்படுவதற்கு அந்த வார்த்தையே போதுமானதாக இருந்தது. அம்மா எப்படி நடப்பாள், எப்படித் தலை திருப்புவாள், குரல் எப்படி இருக்கும் என்று மட்டும் இருபது வருஷமாக ஒவ்வொரு டேப்பாகத் தேடினாள். இப்போது அகப்பட்டும் விட்டாள், அடுத்தவருக்கு ஒதுக்கிய டேப்பில்.

அந்த வாரம் முழுவதும் அவள் சரியாகத் தூங்கவில்லை. மீட்புக் கூடத்தின் தலைவர் ஹபீபிடம் சொல்லிவிடலாம் என்று நாலைந்து தடவை அவருடைய அறை வாசல் வரைக்கும் போய்த் திரும்பினாள். கன்னியப்பனுக்கே போன் போட்டுக் கேட்டுவிடலாம் என்றும் நினைத்தாள். கேட்டால் மாட்டேன் என்பாரோ என்று பயம். அதைவிட, எடுத்துக்கோம்மா என்று சொல்லிவிடுவாரோ என்றும் பயம். கடைசியில் யாரிடமும் எதுவும் கேட்காமலே வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

பன்னிரண்டரைக்கு ஹபீப் தொப்பியை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"நான் தொழுகைக்குப் போயிட்டு வந்துடறேன் மங்கை. எனக்காகக் காத்திருக்க வேணாம், நீங்க ஆரம்பிச்சுடுங்க. பாவம், பெரியவர் காலையிலேருந்து உக்காந்திருக்கார். நான் திரும்பி வர்றப்ப அந்தப் பாப்பா திரையில பேசிட்டு இருக்கணும்."

"சரி சார்."

"உங்களுக்கு உடம்பு சரியில்லையா? மூஞ்சியே ஒரு மாதிரி இருக்கு."

"இல்ல சார். டீ அதிகமாயிடுச்சு."

அவர் போனதும் கதவைச் சாத்தினாள். சுரண்டி எந்தப் படலம் என்று கேட்டது. இரண்டு என்று அழுத்தினாள், அழித்தாள். மறுபடி இரண்டு என்று அழுத்திவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அறையைச் சுற்றி வந்தாள். மேலே மஞ்சள் பையோடு ஒருவர் உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரியும், நன்றாகவே தெரியும். ஆனாலும் அவர் மகளை எட்டு வருஷம் கண்ணால் பார்த்தவர், தூக்கிச் சுமந்தவர், அவள் சண்டை போட்டதைக் கேட்டவர். எனக்கு என்ன இருக்கிறது என்று அவளுக்குள் ஒரு குழந்தை காலை உதைத்துக்கொண்டு கேட்டது. நாற்பத்தைந்து வயதுக்காரி அந்தக் குழந்தையை அதட்டியிருக்கலாம். அதட்டவில்லை. நாலு என்று அழுத்திவிட்டு, மனசு மாறுவதற்குள் பொத்தானையும் தட்டிவிட்டாள்.

டேப் சுழல ஆரம்பித்தது. சூடான பிளாஸ்டிக் வாடையும் காடி வாடையும் கலந்து கூடம் முழுக்கப் பரவின. திரையில் புள்ளிகள் பொரிந்தன, கோடுகள் நெளிந்தன, பிறகு மெல்ல மெல்ல ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள்.

கறுப்பு வெள்ளைதான். காதோரம் பூ, நெற்றியில் பெரிய பொட்டு. மடியிலிருந்த தாளை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். வணக்கம் என்று உதடு சொன்னது. அந்த ஒரு வார்த்தை பார்த்தாலே புரிந்தது. அதற்கப்புறம் உதடுகள் வேகமாக அசைந்தன, புருவம் ஏறி இறங்கியது, ஒரு கை புடவைத் தலைப்பைச் சரிசெய்தது. சத்தம் வரவில்லை. மங்கை ஒலியைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். அடுப்பில் எண்ணெய் காய்கிற மாதிரி ஓர் இரைச்சல் மட்டும் வந்தது. ஓரக் கோடு எப்போதோ செத்துவிட்டது.

"பேசும்மா" என்றாள் மங்கை, திரையைப் பார்த்து.

அம்மா பேசிக்கொண்டுதான் இருந்தாள். பேசி முடித்ததும், விளக்கு அணையும்வரை சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் உதட்டிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும், சட்டென்று பக்கவாட்டில் திரும்பி நிஜமாகவே சிரித்தாள். அந்தச் சிரிப்பில் மேல்வரிசைப் பல் ஒன்று லேசாகத் தூக்கியிருந்தது, மங்கைக்கு இருப்பது போலவே. அத்தோடு படம் முடிந்தது. மங்கை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். எத்தனை தடவை பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. வயிறு நிறைந்தும் நிறையாத மாதிரி இருந்தது.

கதவைத் திறந்துகொண்டு ஹபீப் வந்தார். திரையில் அந்தச் சிரிப்பு உறைந்து நின்றது.

"யார் இது?"

"நாலாவது படலம் சார். ரெண்டு பிடிபடல. நொறுங்கிப்போச்சு. கையில வந்தது இதுதான்."

சொன்னபோது அவள் குரல் நடுங்கவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம். ஹபீப் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ வந்து போயிற்று. கேட்பார் என்று நினைத்தாள், கேட்டால் சொல்லிவிடுவது என்றும் நினைத்தாள். அவர் தொப்பியைக் கழற்றி மடித்தார்.

"பெரியவர்கிட்ட நீங்களே போய்ச் சொல்லிடுங்க" என்றார்.

மங்கை படியேறிப் போனாள். கன்னியப்பன் அவளைக் கண்டதும் பையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். சட்டைப்பையிலிருந்து புதுக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"போலாமாம்மா?"

"ஐயா, உக்காருங்க. அந்தப் படலம் வரலைங்கய்யா."

"வரலியா?"

"சூடு தாங்கல. நொறுங்கிப்போச்சு."

"மூஞ்சிகூடவா வரல?"

"வரலைங்கய்யா."

அவர் மெல்ல உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். அது துடைத்துத் துடைத்துப் பளபளவென்றிருந்தும் விடாமல் துடைத்தார். அவர் கத்தியிருந்தால், நாலு வார்த்தை ஏசியிருந்தால், மங்கைக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"உடு. நீ இன்னாம்மா பண்ணுவே. உன்னால ஆனதைச் செஞ்சிருப்பே. நான் கிளம்பறப்பவே மனசுக்குள்ள சொல்லிக்கினேன், வந்தா வரட்டும்னு" என்றார். துடைப்பதை நிறுத்திவிட்டு, "மூஞ்சி எனக்கு நெனப்புல கீதும்மா. போனது அவ பேச்சுதான். அது எப்படி இருந்துச்சுன்னு என்னா பண்ணியும் புடிபடல. அதைத்தான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

மங்கை அவருக்குப் பக்கத்து நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அன்னைக்கு நீங்களும் கூட வந்திருந்தீங்களா?" என்று கேட்டாள்.

"வந்தேனே. நான்தான் கூட்டிக்கினு வந்தேன். கதவாண்ட நின்னுகினு இருந்தேன். பாப்பாவுக்கு அந்த லைட்டைப் பாத்ததும் விடுகதை மறந்துபோச்சு. உதட்டைப் பிதுக்கிக்கினு அழ ஆரம்பிச்சுட்டா. டைரக்டரு கத்தறாரு. அப்போ கேமராவுக்குக் கீழ ஒரு பொண்ணு தரையில சம்மணம் போட்டு உக்காந்துகினு இருந்துச்சு. படத்துல தெரியாது, கீழ. வயிறும் புள்ளையுமா, மூச்சு வாங்கிக்கினு. வந்த பசங்க எல்லாருக்கும் அதுதான் அடி எடுத்துக் குடுத்துச்சு. எங்க பாப்பாவைக் கூப்புட்டு, 'கஸ்தூரி, அங்கே யாரையும் பாக்காதே. என்னைப் பாரு. எனக்கு மட்டும் சொல்லு'ன்னுச்சு. அவ்ளோதான். அழுகை நின்னுபோச்சு, கடகடன்னு சொல்லிட்டா. அந்தப் பொண்ணு பேசினதும் சேந்துதான் பதிவாச்சு. அழிக்க நேரமில்ல, அப்படியே இருக்கட்டும்னு டைரக்டரு சொன்னாரு."

மங்கை அவர் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ மொதமொத போன்ல பேசினப்ப எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்படியே அந்தப் பொண்ணோட குரலு. அதான் யாரு, எந்த ஊருன்னு கேட்டேன். நீ பேசறப்பல்லாம் அதைத்தான் கேட்டுகினு இருந்தேன். தப்பா நெனச்சுக்காதே."

"அந்தப் பொண்ணு பேரு தெரியுமாய்யா?"

"சொந்தப் பேரா என்னான்னு தெரியாது. டைரக்டரு 'சுகந்தி, சீக்கிரம், சுகந்தி, சீக்கிரம்'னு விரட்டிக்கினே இருந்தாரு."

அம்மாவின் பெயரை வேறொருவர் வாயால் கேட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று. இரண்டாவது படலம். ஆழமில்லை, சத்தம் நன்றாக வரும். அவளே உரக்கச் சொன்ன வார்த்தைகள். பொத்தானில் நாலு என்று அழுத்திய விரலை மங்கை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்த விரலை என்ன செய்தாலும் இனி ஆகப்போவது ஒன்றுமில்லை.

"ஐயா, நான் ஒண்ணு..." என்று ஆரம்பித்தாள்.

"இரும்மா. நான் கேட்டுடறேன், அப்பறம் வெக்கமாப் போயிடும்." அவர் கண்ணாடியை மடித்துப் பையில் போட்டார். "அதை ஒரு தபா சொல்றியா? அந்தப் பொண்ணு சொன்னதை. நான் கண்ணை மூடிக்கறேன். அந்தக் குரலைக் கேட்டா, அதுக்கடுத்தாப்பல பாப்பா சொன்னது தன்னால ஞாபகம் வந்தாலும் வரும். அன்னைக்கு அப்படித்தானே அவளுக்கே வந்துச்சு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கைகளை முழங்கால் மேல் வைத்து, ஒரு குழந்தை போல முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டு காத்திருந்தார். மங்கை வாயைத் திறந்தாள், வரவில்லை. இரண்டாம் தடவை காற்று மட்டும் வந்தது. மூன்றாம் தடவைதான் வந்தது.

"கஸ்தூரி, அங்கே யாரையும் பாக்காதே. என்னைப் பாரு. எனக்கு மட்டும் சொல்லு."

தன் வாயிலிருந்து வந்த அந்தக் குரலைப் பிறந்ததிலிருந்து கேட்டிராதவளைப் போல மங்கை கேட்டாள். அடுத்த வார்த்தைக்காக அவளும் காத்திருந்தாள்.

கன்னியப்பனின் உதடுகள் அசைய ஆரம்பித்தன. புருவம் ஏறி இறங்கியது. அவர் விடுகதை ஒப்பிக்கிற மாதிரி வேகமாக, இடையில் நிறுத்தாமல், ஏதோ சொல்லிக்கொண்டே போனார். சத்தம் வரவில்லை.